மண்டிக்கு ஒரு நிரல் - 14
அடுத்தவர் சீட்டில் ஏறிய நாலாயிரம்

பென்னாகரத்தில் மாமாவின் புளி மண்டிக்கு நான் எழுதிக் கொடுத்த பில் பக்கம் இரண்டாவது சீட்டிலேயே காலை வாரியது. முதல் ஆள் 40 கிலோ, கிலோ 100 ரூபாய், சீட்டில் 4,000. அடுத்தவர் 25 கிலோ. 2,500 வர வேண்டிய இடத்தில் 6,500.

"ஏன் மாப்ளே, முன்னாடி வந்தவன் காசையும் சேர்த்து இவனுக்கே குடுக்கச் சொல்லுதா உன் மிஷினு?" என்றார் மாமா. பிழையை இதைவிடச் சரியாக என்னாலும் சொல்ல முடியாது.

ரூபியில் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நான் வைத்திருந்தது இது:

$மொத்தம் += எடை * விலை

வினை அந்த டாலர் குறியில். அது போட்டால் மாறி நிரல் முழுவதற்கும் பொது. பழைய சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரல் புதிதாகப் பிறந்து சாகும். கூட்டலும் கூடவே போய்விடும். நான் எடுத்துக்கொண்ட ரூபி வலைச் சட்டகமான சினாட்ரா அப்படியல்ல. பூமா சர்வரில் காலையில் ஏற்றிய நிரல் சாயங்காலம் வரை உயிரோடு இருக்கும், பழைய மொத்தத்தையும் வைத்துக்கொண்டு. வீட்டில் நான் ஒவ்வொரு முறையும் நிரலை நிறுத்தி, ஓட்டி, ஒரே ஒரு சீட்டு போட்டுப் பார்த்தேன். பிழை எப்படித் தெரியும்?

டாலரை எடுத்தேன். 'மொத்தம் = 0' என்று கோப்பின் தலையில் எழுதினேன். அப்போதும் 6,500! சினாட்ராவின் வழி ஒவ்வொன்றும் ஒரு பிளாக். திண்ணையில் உட்கார்ந்தவனுக்குத் தெரு தெரிவதுபோல, பிளாக்குக்கு வெளியே உள்ள மாறி தெரியும். சரியென்று கூட்டலைத் தனிச் செயற்கூறாக, ஒரு டெஃப்புக்குள் தள்ளினேன். அது கதவு சாத்திய அறை. அங்கே மொத்தம் வெறும் நில். நில்லோடு எதையும் கூட்ட முடியாது என்று ரூபி கத்தியது. கடைசியில், பிளாக்குக்குள்ளேயே சுழியத்தில் தொடங்கி, டெஃப்புக்கு வேண்டியதைக் கையில் கொடுத்தனுப்பியதும் 2,500 வந்தது.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. இத்தனை சோதனையையும் மாமாவின் உண்மையான கணக்கிலேயே செய்திருந்தேன். பொய்ச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க ஒரு ராத்திரி போயிற்று. ரூபியின் இன்னொரு வலைச் சட்டகமான ரூபி ஆன் ரெயில்ஸ், தன் 5-ஆம் பதிப்பிலிருந்து, நேரடிப் பயன்பாட்டில் உள்ள தரவுத்தளத்தை அழிக்கச் சொன்னால் மறுத்துவிடும். சினாட்ராவில் அந்தக் காவல் இல்லை. நாம்தான் வைக்க வேண்டும். மாமாவின் கணக்கு இருப்பது எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில்; அது ஒரே கோப்புதான். சர்வரை நிறுத்திவிட்டு அதை நகலெடுத்து, சோதனைச் சூழலில் நகலை மட்டும் திறக்கும்படி நிரலில் எழுதினேன். ரேக்-டெஸ்ட் என்ற சோதனைக் கருவி இப்போது நிரலை நிறுத்தாமல் அடுத்தடுத்து இரண்டு சீட்டு போட்டு, இரண்டாவதைச் சரிபார்க்கிறது.

இந்த வாரம் உங்கள் நிரலைத் திறந்து டாலர் குறியைத் தேடிப் பாருங்கள். எத்தனை கிடைத்தன என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.