மயிலின் வால் எது?

மயில் தோகை விரித்தால் எல்லோரும் முன்னால் போய் நிற்கிறோம். நியாயம்தான், அழகெல்லாம் அந்தப் பக்கம்தான். ஆனால் விஷயம் புரிய வேண்டுமென்றால், அது திரும்பும்போது கொஞ்சம் பின்பக்கமும் பார்க்க வேண்டும்.

அங்கே தவிட்டு நிறத்தில் ஏறக்குறைய இருபது குட்டை இறகுகள் விறைத்து நிற்கும். மயிலின் வால் அதுதான். தோகையை வால் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் வரையும் படத்திலும் அப்படித்தான். உண்மையில் தோகை, வாலுக்கு மேலே இடுப்புப் பக்கத்து முதுகிலிருந்து முளைக்கும் இறகுகள். பறவையியலில் இவற்றை மேல்வால் மூடிறகுகள் என்பார்கள். காக்கைக்கும் கோழிக்கும்கூட இவை உண்டு, வாலின் அடியை மூடிக்கொண்டு அடக்கமாகக் கிடக்கும். ஆண் மயிலுக்கு மட்டும் ஐந்தடி வரை நீண்டுவிட்டன.

அப்படியானால் வாலுக்கு என்ன வேலை? கட்-அவுட்டுக்குப் பின்னால் சவுக்குக் கட்டை கட்டுகிறோமே, அந்த வேலை. வால் நிமிர்ந்து முட்டுக்கொடுக்க, அதன்மேல் தோகை நிற்கிறது. ஆடும்போது சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும். வால் இறகுகள் அதிர்ந்து தோகைக் காம்புகளில் உரசும் சத்தம் அது.

தோகையில் எல்லா இறகிலும் கண் இருப்பதில்லை. ஓரத்து இறகுகள் சில, நுனியில் பிறைபோல் வளைந்து முடிந்துவிடும். ஆண் மயிலுக்கு முழுத்தோகை வளர நாலு வயதாகும். அதன் பிறகும் ஆண்டுதோறும் இணைசேரும் பருவம் முடிந்ததும் எல்லாம் உதிர்ந்து, புதிதாக முளைக்கும். உதிர்ந்த காலத்தில் அதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்; உண்மையான வால் நன்றாகத் தெரிவதும் அப்போதுதான்.

பழனிக் காவடிக்கும் தர்காவில் ஓதி வருடும் கட்டுக்கும் பீலி கிடைப்பது இப்படி உதிர்வதால்தான். 1963-இல் தேசியப் பறவையான மயிலைக் கொல்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தானாக உதிர்ந்த பீலியை உள்நாட்டில் விற்க மட்டும் அந்தச் சட்டம் வழிவிட்டது. உதிர்ந்ததா, பிடுங்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காம்பின் அடியைத்தான் பார்க்கிறார்கள். தானாக உதிர்ந்த இறகின் அடி காய்ந்து சுத்தமாக இருக்கும். பிடுங்கியதென்றால் பரிசோதனையில் ரத்தத்தின் தடயம் கிடைக்கும். அதற்காகவே சிலர் காம்பின் அடியை நறுக்கிவிட்டு விற்பதும் உண்டு.