ஜப்பானின் எரிமலைத் தீவு கியூஷு: எதுவரை ரயில், எங்கிருந்து வாடகை கார்?

ஜப்பானுக்கு டிக்கெட் போடுகிற பலரும் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று ஒரே பாதையில்தான் போய் வருகிறார்கள். அதே நாட்டின் தென்மேற்கில் இருக்கும் கியூஷு அவர்களின் பட்டியலில் வருவதே இல்லை. ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் பரப்பளவில் இது மூன்றாவது. புகைந்துகொண்டிருக்கும் எரிமலைகளும் வெந்நீர் ஊற்றுகளும் இங்கே அன்றாட வாழ்க்கையின் பகுதி. ஒரு வாரம் லீவ் கிடைத்தால் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

ஆனால் எப்படிச் சுற்றுவது? முழுக்க ரயில் என்றால், மலைப்பகுதியில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போய்விடும். முழுக்க கார் என்றால் டோல், நகரத்து பார்க்கிங் என்று பணம் கரையும். தீவின் நீளத்துக்கு ரயில், எரிமலைப் பகுதிக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் கார். இதுதான் கணக்குக்குச் சரியாக வரும்.

ரயிலில் எதுவரை?

வடக்கே ஃபுகுவோகா நகரின் ஹகாட்டா நிலையத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து தெற்குக் கோடியில் உள்ள ககோஷிமாவுக்கு புல்லட் ரயில் ஓடுகிறது. வேகமான ரயில் என்றால் சுமார் 1 மணி 20 நிமிடம். வழியில் வரும் குமமோட்டோதான் எரிமலைப் பகுதிக்கு வாசல்.

நாடு முழுவதுக்குமான 7 நாள் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யெனிலிருந்து 50,000 யெனாக ஏறியது. கியூஷுவுக்கு மட்டும் போகிறவருக்கு அது தேவையில்லை. ஜேஆர் கியூஷு நிறுவனமே வடக்கு, தெற்கு, முழுத்தீவு என்று தனித்தனி பாஸ் விற்கிறது. ஒரு விஷயம் கவனிங்க: ஹகாட்டாவுக்கும் கொக்குராவுக்கும் இடையிலான புல்லட் ரயில் வேறு நிறுவனத்துடையது. கியூஷு பாஸ் அதில் செல்லாது.

கார் எங்கிருந்து?

குமமோட்டோவில் காரை எடுத்து அசோ எரிமலைக்குப் போங்கள். வடக்கு தெற்காக 25 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 18 கிலோமீட்டர் அளவுள்ள பெரும் பள்ளம் இது. பழைய வெடிப்புகளில் நிலம் உள்வாங்கியதால் உருவான இந்தப் பள்ளத்துக்குள் ஊர்கள், வயல்கள், ரயில் பாதை எல்லாம் இருக்கின்றன. நடுவே நகதாகே எரிமலைவாய் இன்னும் புகைகிறது. வடக்கு விளிம்பில் உள்ள தைகன்போ முனையில் நின்றால்தான் இதன் அளவு புரியும். அங்கிருந்து யமநமி சாலையில் கூஜூ மலைகளைக் கடந்து யுஃபுயின், பெப்பு வரை ஓட்டலாம். அந்தப் பயணத்துக்காகத்தான் கார் எடுக்கிறோம் என்றே சொல்லலாம். பெப்புவிலேயே காரை விட்டுவிட்டு ரயில் ஏறலாம். எடுத்த ஊர் வேறு, விடும் ஊர் வேறு என்றால் தனிக் கட்டணம் உண்டு. புக் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நகதாகேயின் எரிமலைவாய் வரை போக முடியுமா என்பது அன்றைய வாயுவையும் காற்றையும் பொறுத்தது. எச்சரிக்கை இரண்டாம் நிலைக்கு உயர்ந்தால் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு யாரையும் விடமாட்டார்கள். வெளியேறும் கந்தக டை ஆக்சைடு ஆபத்தானது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வழி திறந்திருக்கும் நாளிலும் போகக் கூடாது. இதை எச்சரிக்கைப் பலகையின் சம்பிரதாய வாசகமாக நினைக்க வேண்டாம். அசோவுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்காமல், அருகிலேயே ஓர் இரவு தங்குவது நல்லது.

நம்ம ஊர் லைசென்ஸ் செல்லுமா?

தனியாகச் செல்லாது. 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி அமைந்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். இந்தியாவில் இதை ஆர்டிஓ தருகிறது, பரிவாஹன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், ஓராண்டு செல்லும். இணையத்தில் சில தனியார் தளங்கள் "சர்வதேச லைசென்ஸ்" என்று விற்கும் அட்டைகளை ஜப்பான் ஏற்பதில்லை. அதை நம்பிப் போனால் கவுன்டரிலேயே கார் தர மறுப்பார்கள். எப்படியோ ஓட்டிவிட்டால் இன்னும் மோசம்: சட்டப்படி அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம், இன்சூரன்ஸும் கைகொடுக்காது. அனுமதிச் சீட்டோடு இந்திய லைசென்ஸையும் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள்.

நம்மைப் போலவே அங்கும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலதுபக்கம். அதனாலேயே நம் பழக்கமும் கூடவே வந்துவிடும். சிவப்பு விளக்கில் ஃப்ரீ லெஃப்ட் கிடையாது. தலைகீழ் சிவப்பு முக்கோணம் இருந்தால் முழுசா நிற்கணும். ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும் ஒருமுறை நின்றுதான் கடக்க வேண்டும். சின்ன உரசல் என்றாலும் 110-க்குப் போன் செய்து போலீஸைக் கூப்பிடுங்கள். போலீஸ் பதிவு இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிடைக்காது.

சாம்பல் விழும் ஊர்

கடைசி நாளை ககோஷிமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வளைகுடாவில் நிற்கும் சகுராஜிமா 1914 வரை தனித்தீவு. அந்த ஆண்டு வழிந்த எரிமலைக் குழம்பு கடலை அடைத்து அதை நிலத்தோடு சேர்த்துவிட்டது. அப்போது சாம்பலில் புதைந்த குரோகாமி கோயில் வாசலின் மேல்பகுதி மட்டும் இன்றும் வெளியே தெரிகிறது. சகுராஜிமா இப்போதும் அடிக்கடி குமுறுகிறது. விழும் சாம்பலை வீட்டுக்காரர்கள் அள்ளி வைக்க ககோஷிமா மாநகராட்சி மஞ்சள் பை கொடுக்கிறது. குப்பை போலவே அதையும் வந்து எடுத்துப்போகிறார்கள்.

நகரத்திலிருந்து ஃபெரியில் 15 நிமிடம், காரையும் ஏற்றலாம். ஓட்டும்போது கண்ணாடியில் சாம்பல் விழுந்தால் உடனே வைப்பரைப் போடாதீர்கள். அது அடுப்புச் சாம்பல் இல்லை, நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும். உலர்ந்தபடி தேய்த்தால் கீறல் விழும், அதற்கான பில் உங்கள் பெயருக்கு வரும். முதலில் நிறையத் தண்ணீர், அப்புறம்தான் வைப்பர்.