கடைசி ஒரு சதவீதச் சாம்பல்

500 மெகாவாட் திறன் கொண்ட ஓர் அனல் மின் அலகு முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு 300 டன்னுக்கு மேல் நிலக்கரியை எரிக்கிறது. இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை எரியாத மண்ணும் கனிமமும்தான். எனவே ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கொதிகலனில் 100 டன் அளவுக்குச் சாம்பல் உருவாகிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கட்டிகளாகக் கீழே விழுகிறது. மீதி 80 டன்னும் மிக நுண்ணிய தூளாகிச் சூடான வாயுவோடு புகைபோக்கியை நோக்கிப் பறக்கிறது.

ஆனால், நன்றாக இயங்கும் ஒரு மின் நிலையத்தின் 275 மீட்டர் உயரப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தால் வானத்தில் கறுப்பாக எதுவும் தெரிவதில்லை. கொதிகலனுக்கும் புகைபோக்கிக்கும் நடுவே, பல மாடிக் கட்டடம் அளவுக்கு நிற்கும் இரும்புப் பெட்டிகளே அதற்குக் காரணம். பள்ளி வேதியியல் புத்தகத்தில் காட்ரெல் வீழ்படிவாக்கி என்று படித்திருப்போம். மின் நிலையங்களில் வேலை செய்பவர்கள் அதை இஎஸ்பி என்பார்கள். அந்தப் பெட்டிக்குள் சாம்பலைப் பிடிப்பது வடிகட்டியோ தண்ணீரோ அல்ல. மின்சாரம்தான்.

தூசியை மட்டும் இழுக்கும் விசை

ஒரு மைக்ரான் அளவுள்ள சாம்பல் துகளை அசைவற்ற காற்றில் விட்டால், புவியீர்ப்பால் அது ஒரு மணி நேரத்தில் கீழிறங்குவது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான். தூசி தானாகப் படியட்டும் என்று காத்திருந்தால் வாயுவை நாள்கணக்கில் அடைத்துவைக்க வேண்டும். துணிப் பைகளால் வடிகட்டலாம். அந்த முறையும் இன்று புழக்கத்தில் உள்ளது. ஆனால், அதில் மொத்த வாயுவையும் துணியின் சின்னஞ்சிறு துளைகள் வழியே அழுத்தித் தள்ள வேண்டும். பிடிபட வேண்டியது கையளவு தூசி; தள்ள வேண்டியதோ மலையளவு வாயு.

மின்விசையின் அருமை இங்கேதான் தெரிகிறது. அது வாயுவை விட்டுவிட்டு, மின்னூட்டம் பெற்ற துகளை மட்டும் இழுக்கிறது. ஒரு மைக்ரான் துகளில் நூற்றுச் சொச்சம் எலக்ட்ரான்கள் ஏறிவிட்டால் போதும். இஎஸ்பிக்குள் அதன்மீது செயல்படும் விசை அதன் எடையைப் போலச் சில நூறு மடங்கு ஆகிவிடும். வாயு தன் போக்கில் தடையின்றிப் போக, தூசி மட்டும் பக்கவாட்டில் விலகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இதற்குச் செலவாவது நிலையம் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். 30 முதல் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் உயரமான எஃகுத் தகடுகள் வரிசையாகத் தொங்குகின்றன. இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய கம்பிகள் அல்லது கூர்முனைகள் கொண்ட தண்டுகள் இருக்கும். தகடுகள் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். கம்பிகளுக்கு 40,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட எதிர்மின் அழுத்தம் தரப்படும். கம்பியைச் சுற்றி மின்புலம் அவ்வளவு வலுவாக இருப்பதால் அங்குள்ள வாயு மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வெளியேறுகின்றன. இருட்டில் பார்த்தால் கம்பியின் மேல் ஊதா ஒளி படர்ந்திருக்கும். கொரோனா மின்னிறக்கம் என்பது இதைத்தான்.

வெளியேறிய எலக்ட்ரான்கள் ஆக்சிஜன், சல்பர் டை ஆக்சைடு போன்ற மூலக்கூறுகளில் தொற்றி எதிர் அயனிகளாகின்றன. அந்த அயனிகள் தூசியில் மோதி மின்னூட்டத்தை ஏற்றிவிடுகின்றன. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வாயு மெதுவாக நகர, துகள்கள் தகட்டில் போய்ப் படிகின்றன. படிவு தடித்ததும் சுத்தியல்கள் தகட்டைத் தட்டும். சாம்பல் பாளமாகப் பெயர்ந்து அடியிலுள்ள ஹாப்பர் எனும் தொட்டியில் விழும்.

தோற்ற முயற்சியும் வென்ற முயற்சியும்

மின்சாரம் புகையைத் தெளியவைக்கும் என்பது மின்விளக்கு புழக்கத்துக்கு வருவதற்கும் முந்திய அறிவு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹோல்ஃபெல்ட் என்பவர் 1824-லேயே ஜாடிக்குள் அடைத்த புகை மின்னேற்றப்பட்ட கம்பியால் தெளிவதைக் காட்டினார். அறுபது ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆலிவர் லாட்ஜ் இதே விளைவைத் தாமாகக் கண்டறிந்தார். வேல்ஸ் நாட்டின் பாகில்ட் ஊரில் இருந்த ஈய உலையில் 1885-ல் அது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அந்த முயற்சி தோற்றது. கண்ணாடித் தட்டுகளைச் சுழற்றி மின்னூட்டம் உண்டாக்கும் விம்ஸ்ஹர்ஸ்ட் கருவியால் ஓர் உலையின் புகைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஈயப் புகையின் தூசி மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்பதும் இன்னொரு தடை.

வெற்றி கலிஃபோர்னியாவில் கிடைத்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பிய வேதியியல் கற்பித்த ஃபிரடெரிக் கார்ட்னர் காட்ரெல், கந்தக அமிலத் தயாரிப்பில் எழும் அமில மூட்டத்தைப் பிடிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். பஞ்சுநூல் சுற்றிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சியபோது, நூலிலிருந்து சிலிர்த்து நின்ற இழைகளின் நுனிகள் ஊதா நிறத்தில் ஒளிர்வதை அவர் இருட்டில் கவனித்தார். நுண்ணிய முனைகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் மின்னிறக்கம் சீராகப் பரவும் என்பது அவருக்குப் புரிந்தது. இன்னொரு திருப்பம், சுழல் தட்டுக் கருவியை அவர் கைவிட்டது. அப்போது ஊர்களுக்குள் வந்துகொண்டிருந்த மாறுதிசை மின்சாரத்தை மின்மாற்றியால் உயர்த்தி, சுழலும் தொடுமுனைத் திருத்தியால் ஒருதிசையாக்கிப் பயன்படுத்தினார். லாட்ஜிடம் இல்லாத வலிமை காட்ரெலுக்கு மின்கம்பி வழியே வந்து சேர்ந்தது. 1907-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1908-ல் கிடைத்தது.

உலோக உலைகளில் தொடங்கி, ஆரஞ்சுத் தோட்டங்களின் மேல் தூசியைக் கொட்டிக்கொண்டிருந்த ரிவர்சைடு சிமெண்ட் ஆலைக்கு இந்த முறை போனது. 1920-களின் முற்பாதியில் டெட்ராய்ட் எடிசன் நிறுவனத்தின் டிரென்டன் சேனல் மின் நிலையத்தில், பொடித்த நிலக்கரியை எரிக்கும் கொதிகலனின் சாம்பலைப் பிடிக்க முதன்முதலாக அமைக்கப்பட்டது.

காட்ரெல் செய்த இன்னொரு காரியத்துக்காகவும் அவரை நினைவில் வைத்திருக்க வேண்டும். பெரும் செல்வம் தந்திருக்கக்கூடிய காப்புரிமைகளை அவர் பொது நன்மைக்குக் கொடுத்தார். 1912-ல் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பை உருவாக்கி, அதன் வருவாய் அறிவியல் ஆய்வுகளுக்குப் போகும்படி செய்தார். எர்னஸ்ட் லாரன்ஸ் சைக்ளோட்ரானை உருவாக்கிய காலத்தில் அவருக்கு உதவிய நிதிகளில் இதுவும் ஒன்று. புகையைத் தூய்மையாக்கியதில் கிடைத்த பணம் அணுவின் உட்கருவை ஆராயத் துணைநின்றது.

மூன்று மடங்கு தகடு கேட்கும் கணக்கு

எவ்வளவு பெரிய பெட்டி இருந்தால் எவ்வளவு தூசி பிடிபடும்? டாய்ச் என்ற ஜெர்மானியர் 1922-ல் தந்த சமன்பாடு இதற்கு விடை சொல்கிறது. குறிப்பிட்ட பரப்புள்ள தகடுகள் 90 சதவீதத் தூசியைப் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். இன்னும் அதே அளவு தகடுகளைச் சேர்த்தால் எஞ்சியதில் 90 சதவீதம் பிடிபட்டு மொத்தம் 99 சதவீதம் ஆகும். மறுபடி அதே அளவு சேர்த்தால் 99.9. முதல் 90 சதவீதத்துக்கு ஆன தகட்டைப் போல இன்னும் இரண்டு பங்கு, கடைசிப் பத்து சதவீதத்துக்காக மட்டும் தேவைப்படுகிறது. நடைமுறையில் இதைவிடவும் கூடுதலாகவே வேண்டும். பெரிய துகள்கள் முதலிலேயே பிடிபட்டுவிட, கடைசியில் மிஞ்சுபவை எளிதில் வசப்படாத நுண்துகள்கள்.

99, 99.9 என்று எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். வெளியேறுவதைக் கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். மணிக்கு 80 டன் சாம்பல் வரும் அலகில் 99 சதவீதம் பிடிபட்டால் 800 கிலோ வானத்துக்குப் போகும். 99.9 என்றால் 80 கிலோ. தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள ஓர் எண், சுற்றுவட்டார ஊர்களின் காற்றில் பத்து மடங்கு வேறுபாட்டை உண்டாக்குகிறது.

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்த வரம்புகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2003 முடிவதற்குள் நிறுவப்பட்ட அலகுகளுக்குக் கன மீட்டருக்கு 100 மில்லிகிராம் தூசி. அதற்குப் பின் 2016 வரை நிறுவப்பட்டவற்றுக்கு 50. 2017 முதல் வருபவற்றுக்கு 30. கன மீட்டருக்கு 40 கிராம் சாம்பலோடு வரும் வாயுவை 99.9 சதவீதம் சுத்தம் செய்தாலும் 40 மில்லிகிராம் எஞ்சும். புதிய அலகுக்கு அதுவும் போதாது.

நம் நிலக்கரியின் சிக்கல்

தகட்டில் ஒட்டிய துகள் என்ன ஆகிறது என்பதும் முக்கியம். துகள் தன் மின்னூட்டத்தை மெல்ல மெல்லத் தகட்டுக்குக் கொடுக்க வேண்டும். புகைக்கரி, அதாவது சரியாக எரியாத கார்பன், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தகட்டைத் தொட்ட உடனே அது மின்னூட்டத்தை இழந்துவிடுகிறது. பிடிப்பு விட்டுப்போக, மறுபடி வாயுவோடு பறந்துபோகிறது. கொதிகலனில் எரிப்பு சரியில்லாவிட்டால் இஎஸ்பியும் தடுமாறுவது இதனால்தான். கொதிகலனை எண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கும் தொடக்க நேரத்தில், எரியாத எண்ணெயும் கரியும் தகடுகளில் படிந்து தீப்பிடிக்கலாம் என்ற அச்சத்தில் இஎஸ்பிக்கு மின்சாரம் தருவதைப் பெரும்பாலும் தாமதிப்பார்கள். அவ்வப்போது புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்திய நிலக்கரிச் சாம்பலின் தொல்லை இதற்கு நேர் எதிரானது. அது மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்துகிறது. துகள்கள் தகட்டில் சேரச் சேர மின்னூட்டம் வடிய வழியின்றித் தேங்குகிறது. ஒரு கட்டத்தில் சாம்பல் படிவுக்குள்ளேயே மின்முறிவு ஏற்பட்டு, நேர் அயனிகள் வாயுவுக்குள் பாய்கின்றன. எதிர் அயனிகள் ஏற்றிய மின்னூட்டத்தை அவை அழித்துவிட, தூசி பிடிபடாமல் நழுவுகிறது. பின் கொரோனா எனப்படும் இந்த நிலை வந்தால் மின்னழுத்தத்தைக் கூட்டியும் பயனில்லை.

இதற்குக் காரணம் நம் நிலக்கரியின் ஒரு நல்ல குணம்தான். அதில் கந்தகம் குறைவு, பெரும்பாலும் 0.5 சதவீத அளவில்தான் இருக்கும். கந்தகம் அதிகமுள்ள நிலக்கரி எரியும்போது உண்டாகும் சல்பர் டிரை ஆக்சைடு, ஈரப்பதத்தோடு சேர்ந்து சாம்பலின் மேற்பரப்பில் படிந்து அதைக் கடத்தியாக்குகிறது. நம் சாம்பலுக்கு அந்த உதவி இல்லை. எனவே, சில நிலையங்களில் வாயுவோடு சிறிதளவு சல்பர் டிரை ஆக்சைடையோ அமோனியாவையோ வெளியிலிருந்து கலக்கிறார்கள். மற்றொரு வழி, பெட்டியையே பெரிதாக்குவது. ராணிப்பேட்டையில் உள்ள பெல் (BHEL) தொழிற்சாலையில் இந்திய அனல் மின் நிலையங்களுக்கான இஎஸ்பிக்கள் உருவாகின்றன. அதிகச் சாம்பல், குறைந்த கந்தகம் என்ற இரட்டைச் சுமைக்கு ஏற்றவாறு தகடுகளின் பரப்பைக் கூட்டுவது இங்கே வடிவமைப்பின் அடிப்படைத் தேவை.

பிடிபடாதவை

மின்சாரத்துக்கு எல்லாத் துகளும் ஒரே அளவில் கட்டுப்படுவதில்லை. ஒரு மைக்ரானுக்கு மேற்பட்டவை மின்புலத்தின் வலிமையால் மின்னூட்டம் பெறுகின்றன. மிக நுண்ணியவை அயனிகளின் ஓயாத அலைச்சலில் மோதுண்டு மின்னூட்டம் பெறுகின்றன. இரண்டுக்கும் நடுவே, 0.1 முதல் 1 மைக்ரான் வரை உள்ளவற்றுக்கு இரு வழிகளும் அரைகுறை. இஎஸ்பியிலிருந்து தப்புவதில் அவையே முன்னணி. நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்லக்கூடிய அளவும் அதுவே.

வாயுக்கள் அறவே பிடிபடா. சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் தகடுகளுக்கு நடுவே புகுந்து வெளியேறுகின்றன. முதல் இரண்டும் காற்றில் வேதிவினை புரிந்து சல்பேட், நைட்ரேட் நுண்துகள்களாக மாறி நெடுந்தூரம் பரவுகின்றன. இஎஸ்பியைத் தாண்டியபோது வாயுவாக இருந்தது, பல கிலோமீட்டர் தள்ளி ஒரு குழந்தையின் மூச்சில் துகளாக நுழைகிறது. கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதாலேயே காற்று தூயது என்று நம்புவது ஆபத்து.

பிடிபட்ட சாம்பலும் மறைந்துவிடுவதில்லை. உலர்ந்த சாம்பல் சிமெண்டிலும் ஃபிளை ஆஷ் செங்கல்லிலும் சேரும்போது நல்ல கட்டுமானப் பொருள். தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குளத்துக்கு அனுப்பினால், குழாய் உடையும் இடமெல்லாம் கேடு. எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்திருக்கும் சாம்பல், அங்கே மீன் பிடிப்பவர்களின் வாழ்வாதாரத்தையே கெடுத்திருக்கிறது. வானத்துக்குப் போகாமல் தடுத்ததை ஆற்றில் விடுவது தூய்மை ஆகாது.

இருநூறு ஆண்டுக்கு முன் ஒரு ஜாடிக்குள் தொடங்கிய இந்த அறிவியல், தன் பங்கைச் சிறப்பாகவே செய்திருக்கிறது. 99.9 சதவீதச் சாம்பலைப் பிடிக்கும் வழி நம்மிடம் இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு இஎஸ்பியிலும் வாயு கடந்துபோகும் வரிசையில் பல மின்புலப் பகுதிகள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு பழுதானாலும், ஒரு கம்பி அறுந்தாலும், ஹாப்பரில் சாம்பல் தேங்கினாலும் மின் உற்பத்தி நிற்காது. விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். கூடுவது வெளியேறும் தூசி மட்டுமே. பழுதைச் சரிசெய்ய அலகை நிறுத்துவதா, ஓடட்டும் என்று விடுவதா என்பது அறிவியல் முடிவு செய்யும் விஷயமல்ல. மனிதர்கள் எடுக்கும் முடிவு.

பெரிய புகைபோக்கிகளின் வெளியேற்றத்தை இடைவிடாமல் அளக்கும் கருவிகள் நம் மின் நிலையங்களில் பொருத்தப்பட்டிருக்கின்றன. அந்த அளவுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குப் போகின்றன. அனல் மின் நிலையத்துக்கு அருகில் வாழும் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: இன்று கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் வெளியேறியது? இஎஸ்பியின் எத்தனை பகுதிகள் இயங்கின? பிடித்த சாம்பல் எங்கே போனது? இந்த மூன்றுக்கும் அன்றாடம், தமிழில், ஊரார் பார்க்கும் இடத்தில் பதில் எழுதிவைக்க வேண்டும். அப்படிச் செய்தால், கடைசி ஒரு சதவீதத்தைப் பிடிக்கும் வேலையை எந்த நிலையமும் தள்ளிப்போட முடியாது.