மேல் வீட்டில் ‘தடதட’... பக்கத்து வீட்டில் குத்துப்பாட்டு... தூக்கம் தொலைத்த வாடகைதாரர் என்ன செய்யலாம்?

சென்னை:-

வேலை முடிந்து, பஸ்சில் நசுங்கி வந்து, சாப்பிட்டு ‘அப்பாடா’ என்று படுக்கும் நேரம் பார்த்துத்தான் மேல் வீட்டில் கட்டிலை இழுப்பார்கள். அது நின்றால் பக்கத்து வீட்டில் ஸ்பீக்கர் அலறும். மறுநாள் காலையில் வேலைக்கு போக வேண்டியவருக்கும், பரீட்சைக்கு படிக்கும் பிள்ளைக்கும், பிரஷர் மாத்திரை போடும் பாட்டிக்கும் அந்த ராத்திரி சிவராத்திரிதான்.

சொந்த வீட்டுக்காரர் என்றால் துணிந்து கேட்டு விடுவார். வாடகைக்கு இருப்பவருக்கு, “ஏதாவது கேட்டா, நம்மளையே காலி பண்ணச் சொல்லிட்டா?” என்ற பயம். அட்வான்ஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீடு மாற்றும் வேன் செலவு எல்லாம் கண் முன்னே வரும். அதனால் பலர் பல்லை கடித்துக்கொண்டு இருப்பார்கள், அல்லது ஒரு நாள் பொறுக்க முடியாமல் கைகலப்பில் இறங்குவார்கள். இரண்டுமே வேண்டாம். இதற்கு வழி இருக்கிறது.

எல்லாமே வேண்டுமென்று செய்வது அல்ல

அடுக்கு மாடி குடியிருப்பில் ஒருவர் வீட்டு தரைதான் இன்னொருவர் வீட்டு கூரை. மேலே ஒரு சொம்பு விழுந்தால் அந்த அதிர்வு கான்கிரீட் வழியாகவே கீழே இறங்கி விடும். மேல் வீட்டுக்காரருக்கு லேசாக கேட்கும் சத்தம், கீழ் வீட்டில் தலையில் விழுவது போல கேட்கும். இது அவருக்கு தெரியாமலே இருக்கலாம்.

நாற்காலி, கட்டில் கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டாலே ‘கர்ர்ர்’ சத்தம் பெருமளவு அடங்கி விடும். மிக்சி, கிரைண்டருக்கு அடியில் தடிமனான ரப்பர் மேட் போடலாம். வாஷிங் மெஷின் நாலு காலும் சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பொதுச்சுவரில் மாட்டிய டி.வி., சுவரை ஒட்டி வைத்த ஸ்பீக்கர் இரண்டையும் இடம் மாற்றினால் பக்கத்து வீட்டுக்கு பெரிய நிம்மதி. குழந்தை அழுவது, குக்கர் விசில், நடக்கும் சத்தம் இவை குடித்தனத்தோடு சேர்ந்தவை. இதற்கெல்லாம் புகார் கொடுத்தால் எடுபடாது.

முதலில் வாயால் பேசுங்கள்

சத்தம் கேட்கும் அந்த நிமிடமே கோபத்தோடு போய் கதவை தட்டினால் சண்டைதான் வரும். மறுநாள் சாயங்காலம் போகலாம். “அண்ணே, பையனுக்கு பரீட்சை நடக்குது. பத்து மணிக்கு மேல கொஞ்சம் சவுண்டை குறைச்சுக்கிட்டீங்கன்னா புண்ணியமா போகும்” என்று சொன்னால் பெரும்பாலும் காரியம் முடிந்து விடும். ‘சத்தம் போடாதீங்க’ என்று பொதுவாக சொல்வதை விட, எந்த சத்தம், எத்தனை மணிக்கு என்று குறிப்பாக சொல்வதுதான் பலன் தரும்.

பேசியும் கேட்கவில்லையா? ஒரு நோட்டு போட்டு தேதி, நேரம், என்ன சத்தம், எவ்வளவு நேரம் என்று எழுதி வரவேண்டும். தன் வீட்டுக்குள் இருந்தபடி செல்போனில் சத்தத்தை பதிவு செய்யலாம். செல்போன் ‘ஆப்’ காட்டும் டெசிபல் கணக்கு ஒரு உத்தேசம்தான். அடுத்தவர் ஜன்னல் வழியாக வீடியோ எடுப்பது, அவர் வீட்டு பியூசை பிடுங்குவது, பதிலுக்கு ஸ்பீக்கர் வைப்பது எல்லாம் கூடவே கூடாது. கேஸ் நம் பக்கமே திரும்பி விடும்.

அடுத்தது வீட்டு ஓனர். சத்தம் போடுபவரும் வாடகைக்கு இருப்பவர் என்றால், அந்த வீட்டு ஓனருக்கு தகவல் போக வேண்டும். அபார்ட்மெண்ட் சங்கத்தில் அவர் நம்பர் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகை சட்டத்தில், மற்றவர்களுக்கு தொல்லையாக வீட்டை பயன்படுத்தி, நோட்டீஸ் கொடுத்தும் நிறுத்தாத வாடகைதாரரை வெளியேற்ற கோர்ட்டை நாட ஓனருக்கு வழி இருக்கிறது. இது தெரிந்தால் சத்தம் தானாக குறையும்.

சட்டம் சொல்லும் கணக்கு

ஒலி மாசு தடுப்புக்கு 2000-ம் ஆண்டு மத்திய அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. அதன்படி குடியிருப்பு பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. சாதாரணமாக இருவர் பேசிக்கொள்வதே சுமார் 60 டெசிபல் வரும் என்றால், இரவுக்கான அளவு எவ்வளவு குறைவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியிலோ மொட்டை மாடியிலோ ஒலிபெருக்கி, இசைக்கருவி கூடாது. திருவிழா போன்றவற்றுக்கு வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை அரசு தளர்வு கொடுக்கலாம். வீட்டு ஸ்பீக்கராக இருந்தாலும், அந்த வீட்டு எல்லையில் சத்தம் இந்த அளவுகளை விட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. குடியிருப்பு பகுதியில் கட்டிட வேலைக்கான இரைச்சல் இயந்திரங்களையும் இரவில் ஓட்டக்கூடாது.

இது சின்ன விஷயம் இல்லை. 1998-ல் டெல்லியில் 13 வயது சிறுமி பலாத்காரம் செய்யப்பட்டபோது அவள் போட்ட அலறல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு அவள் தீக்குளித்து இறந்தாள். அந்த கொடுமையை ஒட்டி போடப்பட்ட வழக்கில்தான், சத்தமில்லாமல் நிம்மதியாக வாழ்வதும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது.

போலீசுக்கு போகும்போது...

இரவில் தொல்லை நடக்கும்போதே 100 அல்லது 112-க்கு போன் செய்யலாம். போன் செய்த நேரத்தை நோட்டில் குறித்து வைக்க வேண்டும். தொடர்ந்து நடந்தால் போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும். ரசீது இல்லாத புகார் தண்ணீரில் எழுதிய எழுத்து.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒரு வீட்டுக்காரர் மட்டும் புகார் கொடுத்தால் ‘உங்க சொந்த தகராறு’ என்று தள்ளி விட வாய்ப்பு உண்டு. அக்கம்பக்கத்தில் உள்ளவர்களுக்கும் தொல்லை என்றால்தான் அது சட்டத்தில் ‘பொதுத்தொல்லை’. எனவே நாலு வீட்டு கையெழுத்து வாங்கி கொடுத்தால் புகாருக்கு பலம் கூடும். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் பொதுத்தொல்லைக்கு ரூ.1,000 வரை அபராதம் உண்டு. பழைய சட்டத்தில் இது ரூ.200 ஆக இருந்தது. நிறுத்தும்படி உத்தரவு போட்ட பிறகும் தொடர்ந்தால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். தொல்லையை நிறுத்த உத்தரவு போடும் அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்கும் இருக்கிறது.

வக்கீலுக்கு கொடுக்க பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆலோசனை கிடைக்கும். பெண்கள், தொழிலாளர்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், வருமானம் குறைந்தவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உதவியும் உண்டு.

‘காலி பண்ணு’ என்று மிரட்டினால்?

புகார் கொடுத்த கோபத்தில் ஓனர் சாமானை தூக்கி வெளியே வைக்க முடியாது. சட்டத்தில் சொன்ன காரணம் இருந்து, கோர்ட்டு உத்தரவு போட்டால்தான் வெளியேற்ற முடியும். தண்ணீரை, கரண்டை நிறுத்தவும் கூடாது. ஆனால் இந்த பாதுகாப்பு முழுசாக கிடைக்க, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகி இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் முதலில் இதை சரி செய்து கொள்வது நல்லது.

பகலில் தூங்குபவர் பாடு

நைட் ஷிப்ட் முடித்து காலை 8 மணிக்கு படுப்பவருக்கு சட்டம் அவ்வளவாக கை கொடுக்காது. அவருடைய ராத்திரி, சட்டத்தின் கணக்கில் பகல். அவர் சமாதானமாகத்தான் பேச வேண்டும். ‘12 மணிக்கு மேல மிக்சி போடுங்க’ என்று கேட்டு, அதற்கு பதிலாக அவர்கள் வீட்டு சிலிண்டரை மேலே தூக்கி கொடுப்பது, கரண்டு பில் கட்டி வருவது என்று ஒத்தாசை செய்தால் அவர்களும் விட்டுக்கொடுப்பார்கள்.

புதிதாக வீடு பார்ப்பவர்கள் பகலில் மட்டும் பார்த்து விட்டு அட்வான்ஸ் கொடுத்து விடக்கூடாது. ராத்திரி 10 மணிக்கு ஒரு தடவை போய், படிக்கட்டில் 5 நிமிடம் நின்று காது கொடுத்தாலே பாதி விஷயம் தெரிந்து விடும்.