காணொளி வடங்களும் மாற்றிகளும்

வீடியோ கேபிள் எனப்படும் காணொளி வடம், கணினி, செட்டாப் பாக்ஸ், டிவிடி பிளேயர் போன்ற கருவிகளிலிருந்து படத்தைத் தொலைக்காட்சி, கணினித் திரை, புரொஜெக்டர் ஆகியவற்றுக்குக் கொண்டு செல்லும் இணைப்பாகும். இரு கருவிகளின் இணைப்புத் துளைகள் வேறுபடும்போது இடையில் அடாப்டர் எனப்படும் மாற்றி தேவைப்படுகிறது.

புதுச்சேரியின் லாஸ்பேட்டையில் தாகூர் அரசு கலை அறிவியல் கல்லூரி, மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் கல்லூரி முதலிய கல்வி நிறுவனங்கள் அமைந்துள்ளன. இதுபோன்ற இடங்களில் செமினாருக்காக மடிக்கணினியைப் புரொஜெக்டருடன் இணைக்கும் தேவை அடிக்கடி எழுகிறது. தவறான மாற்றியை வாங்கினால் பணமும் செமினார் நேரமும் வீணாகும். பிளக் துளையில் பொருந்தினால் மட்டும் படம் வராது. உள்ளே செல்லும் சமிக்ஞையும் பொருந்த வேண்டும்.

முக்கிய இணைப்பு வகைகள்

ஆர்சிஏ: மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறப் பிளக்குகள் கொண்டது. மஞ்சள் படத்துக்கும் மற்ற இரண்டும் ஒலிக்கும் உரியவை.

விஜிஏ: 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்தியது. 15 ஊசிகள் கொண்டது. அனலாக் படத்தை மட்டும் அனுப்பும், ஒலி செல்லாது.

டிவிஐ: 1999இல் வந்தது. சில வகைகள் டிஜிட்டல், அனலாக் இரண்டையும் தாங்கும்.

எச்டிஎம்ஐ: முதல் பதிப்பு 2002இல் வெளியானது. 19 ஊசிகள் வழியே டிஜிட்டல் படமும் ஒலியும் ஒன்றாகச் செல்லும்.

டிஸ்ப்ளேபோர்ட்: 2006இல் வெளியானது. 20 ஊசிகள் கொண்டது. கணினித் திரைகளில் மிகுதியாகக் காணப்படுகிறது.

யூஎஸ்பி-சி: 2014இல் வெளியானது. 24 ஊசிகள் கொண்டது. மின்சாரம், தரவு, படம் மூன்றையும் அனுப்ப வல்லது. ஆனால் எல்லா யூஎஸ்பி-சி துளைகளும் படத்தை அனுப்புவதில்லை. பல கைப்பேசிகளில் அது மின்னேற்றத்துக்கும் தரவுக்கும் மட்டுமே பயன்படும்.

மாற்றிகளின் இயல்பு

ஒரே வகைச் சமிக்ஞை கொண்ட துளைகளுக்கு எளிய மாற்றி போதும். டிஜிட்டல் டிவிஐயையும் எச்டிஎம்ஐயையும் இவ்வாறு இணைக்கலாம். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குச் செல்ல, டிஜிட்டலை அனலாக்காக்கும் சில்லு கொண்ட மாற்றி வேண்டும். ஒலி தேவைப்பட்டால் ஹெட்போன் துளை உள்ள மாற்றியே உதவும்.

திசையும் முக்கியம். எச்டிஎம்ஐ கொண்ட மடிக்கணினியை விஜிஏ புரொஜெக்டருடன் இணைக்கும் மாற்றி, விஜிஏ கொண்ட பழைய கணினியை எச்டிஎம்ஐ தொலைக்காட்சியுடன் இணைக்கப் பயன்படாது. அதுபோலவே, பொதுவாக விற்கப்படும் டிஸ்ப்ளேபோர்ட்-எச்டிஎம்ஐ வடம் டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கணினியிலிருந்து மட்டுமே படத்தை அனுப்பும்.

பிரெஞ்சுக் கருவிகள்

பிரான்சுடன் உறவுள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அங்கிருந்து பழைய வீடியோ கருவி வந்தால், அதில் 21 ஊசிகள் கொண்ட ஸ்கார்ட் இணைப்பு இருக்கலாம். பிரான்சில் தோன்றிய இவ்விணைப்பு இந்தியாவில் பரவவில்லை. ஸ்கார்ட்-ஆர்சிஏ மாற்றி மூலம் அதை இந்தியத் தொலைக்காட்சியில் பொருத்தலாம். எனினும் பிரான்சின் பழைய வண்ண முறை செகாம். இந்தியாவின் முறை பால். இரண்டிலும் படத்துக்கு 625 கோடுகளே. அதனால் பால் முறையை மட்டும் அறியும் தொலைக்காட்சியில் செகாம் படம் நிலையாகத் தெரியும், ஆனால் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். மாற்றி பிளக்கை மட்டும் மாற்றுகிறது, சமிக்ஞையை மாற்றுவதில்லை என்பதற்கு இது தெளிவான சான்று.

எச்டிஎம்ஐ வடத்தின் தரம்

எச்டிஎம்ஐ வடங்கள் தாங்கும் வேகத்தால் வேறுபடுகின்றன. முழு எச்டி படத்துக்கு ஹை ஸ்பீடு வடம் போதுமானது. நொடிக்கு 60 சட்டகங்கள் கொண்ட 4கே படத்துக்கு 18 கிகாபிட் வேகம் தாங்கும் பிரீமியம் ஹை ஸ்பீடு வடமும், 8கே படத்துக்கு 48 கிகாபிட் தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீடு வடமும் ஏற்றவை. தங்க முலாம் துருவைத் தடுக்கும், படத்தை மேம்படுத்தாது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

- இரு கருவிகளிலும் உள்ள துளைகளின் பெயர்.
- படம் எந்தக் கருவியிலிருந்து எதற்குச் செல்கிறது என்பது.
- சமிக்ஞை அனலாக்கா, டிஜிட்டலா என்பது.
- யூஎஸ்பி-சி எனில், படம் அனுப்பும் வசதி கருவியின் விவரக்குறிப்பில் உள்ளதா என்பது.
- ஒலி வடத்தின் வழியே செல்லுமா என்பது.
- தேவையான நீளம். நீளம் கூடினால் விஜிஏவில் படம் மங்கும். எச்டிஎம்ஐயில் படம் விட்டுவிட்டு வரலாம்.

துளைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கடையில் காட்டினால் தவறு நேர்வது குறையும்.