பணவீக்கம் குறைந்தும் சாமான் விலை ஏன் இறங்கவில்லை?

"பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். கடையில் அரிசியும் பால்மாவும் அப்படியேதானே இருக்கின்றன?" உதவித்தொகை பெறும் குடும்பங்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

பணவீக்க வீதம் என்பது விலையல்ல, விலை ஏறும் வேகம். சென்ற வருடம் இதே மாதத்தில் இருந்த விலையோடு இன்றைய விலையை ஒப்பிட்டு அதைக் கணிக்கிறார்கள். பதுளைக்கு ஏறும் பஸ் வேகத்தைக் குறைத்தால் அது கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை.

இலங்கைக்கு விலையேற்றம் புதிதல்ல. 1980 இல் பணவீக்கம் 26 சதவீதமளவில் இருந்தது. 2008 இலும் 20 ஐத் தாண்டியது. 2022 இல் நாம் பட்டதோ இவற்றோடு ஒப்பிட முடியாதது. 2019 இறுதியில் வரிகள் குறைக்கப்பட்டு அரச வருமானம் சரிந்தது. பற்றாக்குறையை நிரப்பப் பணம் அச்சிடப்பட்டது. 2021 இல் வந்த இரசாயன உரத் தடை விளைச்சலைக் கெடுத்தது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டதும், 200 ரூபாவளவில் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360 ஐத் தொட்டது. எரிபொருள், மருந்து, கோதுமை, பருப்பு எல்லாம் டொலர் கொடுத்து வாங்குபவை. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9.

மத்திய வங்கி வட்டியைக் கடுமையாக உயர்த்தியது. ரூபாவும் நிலைகொண்டது. ஒரு வருடத்தில் வீதம் 1.3 ஆக இறங்கியது. ஒப்பிடப்பட்ட விலையே ஏற்கெனவே உச்சத்தில் இருந்ததும் இதற்கு ஒரு காரணம். 2024 செப்டெம்பரில் வீதம் பூச்சியத்துக்கும் கீழே போனது. மின்கட்டணக் குறைப்பின் பின் 2025 பெப்ரவரியில் மறை 4.2 வரை சென்று, ஓகஸ்டில் மீண்டும் மேலே வந்தது.

இனி கணக்கைப் பார்ப்போம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் அடுத்த வருடம் சுமார் 170 ரூபா. 2025 செப்டெம்பரில் சுமார் 174. இடையில் வந்த 'மறை' மாதங்கள் அந்த எழுபதைத் திருப்பித் தரவில்லை. அன்று ஒரு விதவைத் தாய்க்கு மாதம் 5,000 ரூபா தீர்மானித்திருந்தால், 2025 செப்டெம்பரில் அதே அளவு வாங்க 8,700 ரூபா தேவைப்பட்டது. தொகையை மாற்றாமல் விட்டிருந்தால், கையில் கொடுத்தது 5,000 ஆயினும் அப்போது அதன் பெறுமதி 2,900 தான். வருமானத்தில் பெரும்பகுதியைச் சோற்றுக்கே செலவிடும் வீட்டில் இழப்பு இன்னும் கூட இருக்கும்.

முன்னே என்ன? மத்திய வங்கியின் இலக்கு 5 சதவீதம். 2023 ஆம் ஆண்டின் புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசுக்காகப் பணம் அச்சிடுவதைப் பெருமளவு தடுக்கிறது. இலக்கிலிருந்து தொடர்ந்து விலகினால் பாராளுமன்றத்துக்கு விளக்கமளிக்கவும் வேண்டும். எனவே 2022 மாதிரியான பாய்ச்சல் இலேசில் வராது என்பது நமது கணிப்பு. ஆனாலும் எண்ணெய் விலையும் ரூபாவின் பெறுமதியும் நம் கையில் இல்லை. எல்லாம் சரியாக நடந்தாலும், ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் விலைகள் 14 வருடத்தில் மீண்டும் இரட்டிப்பாகும்.

சுட்டெண் மாதந்தோறும் வெளியாகிறது. கொடுப்பனவுகளையும் உலர் உணவுப் பொதிகளையும் தீர்மானிக்கும் ஊர்ச் சபைகள் வருடத்துக்கு ஒரு முறையாவது அதைப் பக்கத்தில் வைத்துத் தொகையைத் திருத்திக்கொள்ளலாம்.