உப்பு இலாகா உத்தியோகஸ்தரின் வீடு

உச்சிப்புளி ரயில் நிலையத்தில் வண்டி நிற்கையில், சேதுஸ்நானத்துக்குப் போகும் வடதேசத்து யாத்திரிகர்களின் மூட்டைமுடிச்சுகளைக் காணும்போதெல்லாம், எதிர்த்திசையில் இலங்கையிலிருந்து காசிக்குப் பிரயாணப்பட்ட ஜயசூரியன் என்னும் இளவரசன் என் ஞாபகத்துக்கு வருவான். 1961-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘தி சில்வர் பில்கிரிமேஜ்’ நாவலின் நாயகன் அவன். சிருஷ்டித்தவர், பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக வீற்றிருந்த மா. அனந்தநாராயணன். அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக், புத்தகத்தைப் படியாமலே ஆசிரியர் பெயரின் ஓசையில் சொக்கி, ஒரு வேடிக்கைக் கவிதை கட்டினார். (நம்மவர்களோ பெயரையும் அறியார்கள்.)

அனந்தநாராயணனுடைய தகப்பனார் அ. மாதவையா. 1872-ல் நெல்லைச் சீமைப் பெருங்குளத்தில் பிறந்து, உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவர். இருபது பிராயத்தில் ‘விவேக சிந்தாமணி’யில் தொடங்கி நடுவில் நின்றுபோன ‘சாவித்திரி சரித்திர’த்தை விட்டுவிட மனமின்றி, 1903-ல் ‘முத்துமீனாட்சி’யாக, ஒரு பிராமண விதவை தன் வாயாலேயே தன் கதையைச் சொல்லும்படி, முடித்துக் காட்டியவர். உத்தியோகத்தை உதறியபின் அச்சுக்கூடம் வைத்தார். 1924-ல் ‘பஞ்சாமிர்தம்’ பத்திரிகை நடத்தினார். மறு வருஷம் அக்டோபரில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று சென்னை சர்வகலாசாலை செனட் சபையில் பேசி அமர்ந்தவர், அங்கேயே உயிர் துறந்தார். அனந்தநாராயணனுக்கு அப்போது வயது 18. இளையவர் கிருஷ்ணனுக்கு 13.

அத்தகைய தகப்பனாரின் பிள்ளைகள் பேனா பிடித்தால் விதவா விவாகத்தையும் பெண்கல்வியையும் விட்டு அப்பால் நகரமாட்டார்கள் என்றுதான் எவரும் எண்ணுவர். நடந்தது வேறு. நீதிபதி, தர்க்கத்தைக் கச்சேரியிலேயே விட்டுவிட்டு, கதைக்குள் கதையாக நிதானமாய் அளந்தார். கிருஷ்ணனோ காட்டுக்குப் போய்விட்டார்; யானையையும் பறவையையும் பற்றி 1950 முதல் 46 வருஷம் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் எழுதிய அந்த இயற்கையாளர், தமிழில் நாவலென்று எழுதியது ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்ற துப்பறியும் கதை! தகப்பனாரின் வழியில் நடக்கவில்லையே என்று குறைப்படுவோரும் இருக்கலாம்; அச்சு மை வாசனை வீசிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நாவல் எழுதுவது ஒரு விரதமாக இல்லாமல் விளையாட்டாகவும் இருக்க முடிந்தது என்பதே என் அபிப்பிராயம்.

மாதவையாவைப் பாடபுத்தகத்தோடு மறந்துவிட்ட வாசகர்கள் கிருஷ்ணனிலிருந்தே தொடங்கலாம். அவருடைய துப்பறியும் கதை தமிழிலேயே இருக்கிறது.